தொள்ளாயிரத்துப் பதினேழு நாள்

ஜூலை 8, திங்கள்

டாக்டர் ஜெபராணி ஒரு நோட்டு போடச் சொன்னார். ரத்தப்போக்கு எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி விழுந்ததா. இவ்வளவு எழுதினால் போதுமாம். "கதையெல்லாம் வேண்டாம்மா, தேதி இருந்தா போதும்" என்றார். பதினெட்டு வருடமாக அம்பாசமுத்திரம் கிளை நூலகத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் வெற்று நோட்டைக் கொடுத்துவிட்டு இப்படி ஒரு நிபந்தனை.

இன்று பதினொன்றாவது நாள். நாப்கின் ஏழு. கட்டி உண்டு. பெயர் சண்முகவடிவு, வயது நாற்பத்து மூன்று. ரத்தம் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

பதினான்காவது நாள். நாப்கின் ஆறு. குக்கருக்கு கேஸ்கட் மாற்றினேன்.

ஜூலை 15, திங்கள்

மைனி போன் செய்தார். மைனி என்பது என் கணவரின் அக்கா ஆவுடையம்மாள். முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு காலண்டர் தொங்கும். குடும்பத்தில் இன்னும் மாதவிலக்கு நிற்காத பெண்கள் எல்லோருடைய தேதியும் அதில் சிவப்புப் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கும். 'வ' என்றால் நான். 'தி' என்றால் அவர் மகள் திலகா. விசேஷத்துக்கு நாள் குறிக்கும்போது முதலில் இந்தக் காலண்டர், அப்புறம்தான் ஜோசியர். இரண்டும் இடித்தால் நாளை மாற்ற மாட்டார்கள். பெண்ணை மாற்றுவார்கள். அதற்கு மாத்திரை இருக்கிறது.

என் கணவர் சிதம்பரநாதன் மருந்துக்கடை வைத்திருப்பதால் இதற்கு டாக்டர் சீட்டு தேவைப்பட்டதே இல்லை. காகித உறையில் போட்டு, மேலே 'காலை 1, இரவு 1' என்று எழுதி, சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுவார். வாயால் சொல்ல அவருக்குக் கூச்சம். பதினேழு வருடத்தில் ஐம்பது உறையாவது வந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் தூரம் மிகக் கண்டிப்பாகப் பார்க்கப்படும். தனித் தட்டு, தனிப் பாய், மூன்று நாள் அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது. இருபது இலைக்கு மேல் போட வேண்டியிருந்தால் மட்டும் தூரமே வரக் கூடாது. இந்த விதிவிலக்கு எந்த சாத்திரத்தில் இருக்கிறதென்று நூலகத்தில் தேடினேன். அகப்படவில்லை.

மைனி விக்கிரமசிங்கபுரத்தில் கட்டிய புது வீட்டுக்கு ஆவணி பதினாலாம் தேதி பால்காய்ப்பு. படைப்புக்குச் சர்க்கரைப் பொங்கலும், வருகிறவர்களுக்குத் தேங்காய்ப்பாலில் கொதிக்கும் சொதிச் சாப்பாடும் என் பொறுப்பு. "வெளியாள் கை படக்கூடாது வடிவு. வீட்டுப் பொம்பளை கைதான் படணும்" என்றார்.

பார்ப்போம் மைனி என்றேன். பதினெட்டாவது நாள். நாப்கின் ஐந்து.

ஜூலை 22, திங்கள்

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஈஸ்ட்ரஜன் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். டாக்டர் சீட்டுக்குப் பின்புறம் படம் போட்டு விளக்கினார். சினைப்பை மாதாமாதம் முட்டையை வெளியே விட வேண்டும். விட்டால்தான் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து ஈஸ்ட்ரஜனை அடக்கும். என் சினைப்பை முட்டையை விடாமல் ஈஸ்ட்ரஜனை மட்டும் சுரந்துகொண்டிருக்கிறது. கருப்பையின் உள்சவ்வு அதைக் குடித்துக் குடித்துத் தடித்துப்போய், தாங்க முடியாத நாளில் உடைந்து கொட்டுகிறது. ஸ்கேனில் பதினெட்டு மில்லிமீட்டர். இதில் பாதி இருந்தாலே அதிகமாம். சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

தள்ளிப்போடும் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். மாத்திரை போட்டும் மூன்று வருடமாக விசேஷ நாட்களில் கசிந்துகொண்டுதான் இருக்கிறது, கறுப்புப் பாவாடை கட்டிச் சமாளித்தேன் என்பதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த மாத்திரையே இதற்கு மருந்தாகவும் ஆகும், ஆனால் இப்படி நினைத்தபோது போட்டால் உள்ளே இருப்பதை மூடி மறைத்துவிடும். சதை எடுக்கும்வரை ஒன்றுகூடத் தொடக் கூடாது என்றார்.

வீட்டில் என் கணவரிடம் ஈஸ்ட்ரஜன் கூடியிருக்கிறதாம் என்றேன். காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது. தலை நிமிரவில்லை. "ஆளிவிதை நல்லது" என்றார். சாயங்காலமே அரைக்கிலோ வந்துவிட்டது.

ஜூலை 29, திங்கள்

பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். எனக்கு ஒன்று ஞாபகம் இருந்தது. இரண்டரை வருடம் முன்பு, தை மாதம், திலகா கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மயங்கி விழுந்தேன். ரத்தம் எடுத்தார்கள். திருநெல்வேலி லேபுக்கு இந்த ஊரில் ரத்தம் சேகரிப்பது என் கணவரின் கடையில்தான். ரிப்போர்ட்டும் அங்கேதான் வரும். அப்போது அவர் வந்து, "எல்லாம் நார்மல். ரத்தம் கொஞ்சம் கம்மி. பேரீச்சம்பழம் சாப்பிடு" என்றார். சாப்பிட்டேன்.

இன்று பஸ் ஏறி லேபுக்கே போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் பெயரைத் தட்டியதும் இரண்டு ரிப்போர்ட் வந்தது. முதலாவது ஜனவரி 24, 2022. ஈஸ்ட்ரஜன் அன்றைக்கே அதிகம். அடியில் தடித்த எழுத்தில், உடனே ஸ்கேன் எடுத்து மகளிர் மருத்துவரைப் பார்க்கவும் என்று. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் சிதம்பரநாதன் என்று இருந்தது. கையெழுத்து அழகாக இருக்கும் அவருக்கு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாட்களைக் கூட்டினேன். லீப் வருடத்தையும் சேர்த்து தொள்ளாயிரத்துப் பதினேழு.

ஜூலை 30, செவ்வாய்

கோபம் ஒன்றும் இல்லை. அவருக்குப் பிடிக்குமே என்று சொதி வைத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

டாக்டர் வீட்டுக்காரரையும் கூட்டிவரச் சொன்னார் என்று சொல்லி அவரை அழைத்துப் போனேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

பழைய ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தேன். டாக்டர் படித்தார், தேதியைப் பார்த்தார், மறுபடி படித்தார். "இதை யாரும் பாக்கலையா? அப்பவே வந்திருந்தா ரெண்டு மாச வைத்தியத்தோட போயிருக்குமே" என்றார்.

நான் சொன்னேன்: "சார் மருந்துக்கடை வச்சிருக்காங்க, டாக்டர்."

என் கணவர் சுவரில் இருந்த கர்ப்பிணிப் பெண்ணின் படத்தை மிகவும் ஊன்றிப் படித்தார். டாக்டர் அவரை ஒரு முறை பார்த்தார். அப்புறம் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, என்னிடம் மட்டுமே பேசினார். சதை எடுக்க ஆகஸ்ட் 28.

பஸ்ஸில் திரும்பினோம். கல்லிடைக்குறிச்சி தாண்டும்போது, "ஜன்னலைச் சாத்தவா, காத்து அடிக்குது" என்றார். சாத்தச் சொன்னேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மைனி நேரில் வந்தார். தம்பி சொல்லியிருக்கிறார் போல. சதை எடுப்பதைப் புரட்டாசிக்குத் தள்ளிப்போடலாம், இத்தனை நாள் இருந்தது இன்னும் ஒரு மாதம் இருக்காதா என்றார். அதுவரை மாத்திரை போட்டுக்கொண்டால் விசேஷமும் நல்லபடியாக முடியும். மாத்திரை போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதைச் சொன்னேன். "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. கெமிஸ்ட்ரி எனக்குத் தெரியாதா?" என்றார்.

என் கணவர் அறைக்குள் ஜி.எஸ்.டி. படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை.

சரி மைனி, பால்காய்ப்புக்கு வந்துவிடுகிறேன் என்றேன். வருவதாகத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மேசைமேல் காகித உறை. 'காலை 1, இரவு 1.' பதினான்காம் தேதி டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்த மனிதர்தான் எழுதியிருக்கிறார். எழுத்தில் நடுக்கம் எதுவும் இல்லை.

இன்றைய இரண்டு மாத்திரையைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். இனி தினமும் அப்படித்தான். அட்டை காலியாகிறதா என்று அவர் கவனிப்பார்.

ஆகஸ்ட் 28, புதன்

தனியாகப் போனேன். கடையில் ஸ்டாக் வருகிற நாளாம். பல்லைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கடித்துக்கொண்டேன். கூரையில் அறுபத்து நான்கு சதுரம், அதில் ஒன்றில் பல்லி. முடிவு வர ஒரு வாரம். போக்கு மறுபடி தொடங்கிவிட்டது. நாப்கின் எட்டு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நூலகத்துக்கு விடுமுறை. பால்காய்ப்பு. காலை ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்குள் போகவில்லை. வாசல் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தனியாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் தட்டு, டம்ளர் எல்லாம் பையில் கொண்டுபோயிருந்தேன். அவற்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

வருகிறவர்கள் ஒவ்வொருவராக, ஏன் வெளியே இருக்கிறாய் என்று கேட்டார்கள். தூரம், உள்ளே வரக் கூடாதே என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். சிலர் மெச்சினார்கள். இந்தக் காலத்தில் இவ்வளவு ஒழுங்காக யார் இருக்கிறார்கள் என்றார் ஒரு பெரியவர். திலகாவின் மாமியார் முழங்கால் வலி என்று படி ஏறாமல் என்னிடமிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்துகொண்டார். கடையத்துக்காரர். ஆசாரத்தில் மைனிக்கே பாடம் நடத்தக் கூடியவர்.

ஏழேகாலுக்கு மைனி வெளியே வந்தார். உள்ளே பாத்திரம் கழுவி வைத்திருக்கிறது, அரிசி ஊறுகிறது, செய்ய ஆள் இல்லை. நல்ல நேரம் ஏழரைக்கு முடிகிறது. மாத்திரை போடலையா என்று பல்லுக்கு நடுவே கேட்டார். போட்டும் நிற்கவில்லை என்றேன். மைனி திரும்பிப் பார்த்தார், குனிந்தார், குரலைத் தாழ்த்தினார்.

"யாருக்குத் தெரியப்போவுது? பேசாம உள்ள வா."

பதினெட்டு வருடம் தாழ்ந்த குரலில் பேசுவதற்குச் சம்பளம் வாங்குபவள் நான். இன்று விடுமுறை.

"அது தப்பு மைனி. திலகா கல்யாணத்து மறுவீட்டுச் சொதியிலயும் இப்படித்தான் யாருக்கும் தெரியாமப் போச்சு."

திலகாவின் மாமியார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "என்னது, மறுவீட்டு அன்னைக்கா?"

"ஆமாக்கா. ஒங்க இலைக்கு நான்தான் விட்டேன். ரெண்டு தடவை கேட்டு வாங்குனீங்க. அதுக்கப்புறம் எங்க மாமனார் திவசம், போன வருசம் கோயில் கொடை, எல்லாத்துலயும் அப்படித்தான். மாத்திரை போட்டும் நிக்கல. மைனி காலண்டர்ல மட்டும் நான் சுத்தம்."

மைனியின் முகம் நிறம் மாறியது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி மாற்றத்தைத்தான் செய்து காட்டியிருப்பார்.

கடைசியில் பொங்கலை மைனியே வைத்தார். அடிப்பிடித்த வாசனை பந்தல்வரை வந்தது. எனக்குத் தனி இலையில் இட்லி கொண்டுவந்தார்கள். ஐந்து சாப்பிட்டேன். நல்ல பசி. என் கணவர் சாமியானாக் கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அது ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு விசேஷத்தை ரசித்தேன்.

ஆகஸ்ட் 31, சனி

மத்தியானம் திலகா போன் செய்தாள். நேற்று காரில் திரும்பும்போதே அவள் மாமியார் தொடங்கிவிட்டாராம். கல்யாணமாகி இரண்டு முறை கரு கலைந்ததற்கு இப்போதுதான் அவருக்குக் காரணம் தெரிந்ததாம். தீட்டுச் சோறு தின்று வந்த பெண். நாற்பத்தெட்டு நாள் ஒரு பொழுது சாப்பிட்டு, ஈர உடம்போடு கோவிலைச் சுற்ற வேண்டும். இன்று காலை தொடங்கியாகிவிட்டது. அடுப்படிக்குள் அவளை விடவில்லை.

அழுதாள். அப்புறம் கேட்டாள்: "அத்தை, ரெண்டும் தங்காமப் போனது ஒங்களாலயா?"

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எம்.எஸ்ஸி. படித்த பெண்.

நாப்கின் நான்கு. எழுத வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

கடையம் போனேன். திலகா பின்வாசலில் பாயில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

அவள் மாமியாரிடம் நான் சொன்னது: நேற்று முன்தினம் பந்தலில் சொன்னது முழுக்கப் பொய். மைனி மேல் ஒரு பழைய மனத்தாங்கல். நாலு பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்று இட்டுக்கட்டினேன். மறுவீட்டு அன்றைக்கு நான் சுத்தமாகத்தான் இருந்தேன்.

நம்ப மாட்டார் என்று நினைத்திருந்தேன். உண்மையை நம்ப வைக்க எனக்கு ஒரு பந்தல் தேவைப்பட்டது. பொய்யை நம்ப அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. "அப்பவே நெனச்சேன். இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா" என்று சொல்லிக்கொண்டே மைனிக்குப் போன் போட்டார். திலகாவை அடுப்படிக்குப் போய்க் காப்பி போடச் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான். குடித்தேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது திலகா வந்தாள். டாக்டர் ஜெபராணி நம்பரைக் கொடுத்தேன். ரிப்போர்ட்டை நீயே போய் வாங்கு, மாமா கடைக்கு வரவிடாதே என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "அன்னைக்கு நெஜமாத்தான சொன்னீங்க அத்தை?" என்றாள். பஸ் வந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் குடும்பம் மொத்தமும் நிம்மதி அடைந்துவிட்டது. வடிவுக்கு மூளை பிசகிவிட்டது, ஹார்மோன் கூடியிருக்கிறதல்லவா என்று மைனி எல்லோருக்கும் விளக்கிவருகிறார். இரண்டரை வருடம் ஓர் உறைக்குள் கிடந்த செய்தி ஒரே பகலில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. இனி எந்த விசேஷத்திலும் நான் கரண்டி தொடக் கூடாதாம். தூரம் என்று நான் சொன்னாலும் நம்புவதற்கில்லை, இல்லை என்றாலும் நம்புவதற்கில்லை. காலண்டரிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

மைனியைத் தலைகுனிய வைத்தது இரண்டு நாள் நீடித்தது. குறைவுதான்.

செப்டம்பர் 6, வெள்ளி

முடிவு வந்தது. புற்று இல்லை.

உள்சவ்வு மிதமிஞ்சி வளர்ந்திருக்கிறது. இப்படியே விட்டிருந்தால் சில வருடத்தில் வேறொன்றாக மாறியிருக்கலாம், இனி விடப்போவதில்லை என்றார் டாக்டர். கருப்பைக்குள் சிறு சாதனம் ஒன்றை வைத்தார். அது கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை உள்ளேயே விட்டுக்கொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து மறுபடி சதைப் பரிசோதனை. தினம் நாற்பது நிமிடம் நடை. எட்டு கிலோ குறைய வேண்டும், கொழுப்பும் ஈஸ்ட்ரஜன் சுரக்குமாம். ஆளிவிதையைப் பற்றிக் கேட்டேன். தோசைப் பொடியில் போட்டுக்கொள்ளுங்கள், ருசியாக இருக்கும் என்றார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் ரவா தோசை சாப்பிட்டேன். சர்வர் வந்து நாலைந்து டிஷ்யூ காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பதிவு செய்திருந்த என் கணவர் நம்பரை அடித்துவிட்டு என் நம்பரைக் கொடுத்தேன். லேபிலும் அப்படியே. என்னைத் தவிர யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கடைக்குப் போகாமல் வாசலில் நின்றிருந்தார். முகத்தைப் பார்த்தார். வாயால் கேட்கக் கூச்சம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

என் ரிப்போர்ட் அவரிடம் தொள்ளாயிரத்துப் பதினேழு நாள் இருந்தது. நான் ஒரு நாள்கூட அதிகமாக வைத்துக்கொள்ளப் போவதில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

கறை மட்டும். அவர் இரண்டு தோசை சாப்பிட்டார். வழக்கமாக ஐந்து.

செப்டம்பர் 13, வெள்ளி

லேப் பெண் போன் செய்து, உங்கள் வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டார், நாங்கள் சொல்லவில்லை மேடம் என்றாள். நன்றி சொன்னேன். வெந்தயக் களி கிண்டினேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

என் பீரோவில் புடவைகள் வேறு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பழைய வரிசையைவிட நேர்த்தி. ரிப்போர்ட் அங்கே இல்லை. நூலகத்தில், கூட்டுறவுச் சங்கச் சட்டத் திருத்தங்கள், மூன்றாம் தொகுதிக்குள் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை எடுத்துப் போன கடைசி வாசகர் இறந்தே ஒன்பது வருடமாகிறது.

செப்டம்பர் 21, சனி

போக்கு இல்லை. கறையும் இல்லை. முதல் நாள்.

மாலை நாலு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு நூலகத்துக்கு வந்தார். இந்தப் பதினேழு வருடத்தில் உள்ளே வருவது இதுதான் முதல் தடவை. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நாளிதழ் மேசையில் ஆறு பேர் இருந்தார்கள்.

"வடிவு, ரிப்போர்ட்ல என்ன வந்திருக்கு?"

நான் ஒரு பெண்ணுக்குச் சமையல் புத்தகம் பதிந்துகொண்டிருந்தேன். தேதி முத்திரை குத்தினேன். அவர் காத்திருந்தார். அந்தப் பெண் போனதும் தானாகவே பேசினார். வழக்கமில்லாத அளவு நீளமாகப் பேசினார்.

"அன்னைக்குக் கவரைப் பிரிச்சுப் பாத்ததும் எனக்குக் கை கால் ஓடல. கேன்சரா இருந்துருமோன்னு பயம். கல்யாணம் முடியட்டும், சொல்லிக்கிடலாம்னு நெனச்சேன். முடிஞ்ச பொறகு சொன்னா, ஏன் அப்பவே சொல்லலன்னு நீ கேப்பேல்லா. அதுக்குப் பயந்தே ஒவ்வொரு நாளாப் போயிட்டு."

ஒவ்வொரு வார்த்தையையும் நம்பினேன். பொய் சொல்லும்போது அவருக்கு இவ்வளவு வார்த்தை வராது. ஒருத்திக்கு உயிர் போகலாம் என்று ஒரு பக்கம், அவள் ஒரு கேள்வி கேட்பாள் என்று இன்னொரு பக்கம். தராசில் எது கனமாக இருந்தது என்பதை அவரே சொல்லிவிட்டார்.

ரிப்போர்ட் பத்திரமாக இருக்கிறது, நேரம் வரும்போது சொல்கிறேன் என்றேன்.

அவர் போகவில்லை. நாளிதழ் மேசையில் ஏழாவது ஆளாக உட்கார்ந்து ஒரு பேப்பரை விரித்துக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று எழுதினால் கதை போல இருக்கும். நேராகத்தான் பிடித்திருந்தார். பக்கம் மட்டும் திருப்பவில்லை. மூடும் நேரம்வரை அதே பக்கம்.

சேர்ந்துதான் வீட்டுக்கு வந்தோம். டவுன் பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். மடியில் இருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தால் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும்.

மீதி தொள்ளாயிரத்து இரண்டு.